தானுந்துத் திருட்டுத்தடுப்பு முடக்கம்

தானுந்துத் திருட்டுத்தடுப்பு முடக்கம் என்பது, கார் எனப் பரவலாக வழங்கும் தானுந்தில் மின்கலம் செயலிழந்த பின்னரோ, அது கழற்றப்பட்டுப் புதியது பொருத்தப்பட்ட பின்னரோ, வண்டியின் திருட்டுத்தடுப்பு அமைப்பு உரிமையாளரையே அயலாராகக் கருதி, வண்டியையோ அதன் ஒரு பகுதியையோ இயங்கவிடாமல் தடுக்கும் நிலை ஆகும். வானொலிப் பெட்டி குறியீட்டு எண்ணைக் கேட்டு ஊமையாகிவிடுதல், ஒலிப்பான் இடைவிடாது அலறுதல், எஞ்சின் சுழன்றும் பற்றிக்கொள்ளாமல் போதல், பற்றிய சில நொடிகளில் அணைந்துபோதல் ஆகியவை இதன் பொதுவான வெளிப்பாடுகளாகும்.

பெரும்பாலான சமயங்களில் இம்முடக்கம் ஒரு பழுது அன்று. அமைப்பு தனக்கு விதிக்கப்பட்ட பணியையே செய்கின்றது. மின்சாரத்தைத் துண்டிப்பது திருடர்கள் கையாளும் முதன்மையான வழிகளுள் ஒன்றாதலால், மின்சாரம் நின்று மீண்டும் வருவதை அமைப்பு ஐயத்துடன் நோக்குமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. மின்கலத்தைக் கழற்றுபவர் திருடரா உரிமையாளரா என்பதை அதனால் அறிய இயலாது. உரிமையாளர் தம் உரிமையைச் சாவி, குறியீட்டு எண், காத்திருப்பு ஆகியவற்றுள் ஒன்றினால் மெய்ப்பிக்க வேண்டியுள்ளது.

பின்னணி

பயணிகள் கார்களில் பெரும்பாலும் 12 வோல்ட் ஈய-அமில மின்கலம் பயன்படுகின்றது. ஏறத்தாழ 2.1 வோல்ட் அளவுள்ள ஆறு சிற்றறைகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், முழுமையாக மின்னேற்றப்பட்ட நிலையில் இதன் மின்னழுத்தம் சுமார் 12.6 வோல்ட் ஆக இருக்கும். ஓய்வு நிலையில் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் மின்கலம் பெருமளவு வெறுமையாகிவிட்டது எனக் கொள்ளலாம்.

எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்கும்போதும் கடிகாரம், எச்சரிக்கை ஒலி அமைப்பு, கதவுப் பூட்டின் வாங்கி, கட்டுப்பாட்டுக் கணினிகளின் நினைவகம் ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டேயிருக்கும். இது 50 மில்லி ஆம்பியர் என்று கொண்டால், 30 நாட்களில் 36 ஆம்பியர்-மணி செலவாகும். ஒரு சிறிய காரின் மின்கலம் 45 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையதாயின், ஒரு மாதம் நிறுத்திவைத்த கார் ஏன் கிளம்புவதில்லை என்பது இக்கணக்கினால் விளங்கும்.

மின்கலம் மெல்லமெல்ல வெறுமையாகும்போது கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒரே நேரத்தில் நின்றுவிடுவதில்லை. ஒன்று விழித்திருக்க மற்றொன்று உறங்கிவிடலாம். அவற்றுக்கிடையேயான செய்திப் பரிமாற்றம் இவ்வாறு அறுபடுவதையும் சில அமைப்புகள் திருட்டு முயற்சியாகவே பதிவு செய்கின்றன. இதனால் மின்கலத்தை எவரும் தொடாத நிலையிலும் முடக்கம் ஏற்படக்கூடும்.

வரலாறு

கார் திருட்டைத் தடுக்கும் மின்சார அமைப்புகள் கார்களின் தொடக்க காலத்திலேயே தோன்றின. செயின்ட் ஜார்ஜ் எவன்சு, எட்வர்டு பிர்க்கன்பியூல் ஆகிய இருவர் 1919 ஆம் ஆண்டில் இத்தகைய கருவி ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றனர். மூன்றுக்கு மூன்றாக அமைந்த சொடுக்கிகளைச் சரியான சேர்க்கையில் வைத்தால் மட்டுமே எஞ்சினுக்கு மின்சாரம் செல்லும். தவறினால் ஒலிப்பான் ஒலிக்கும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1970 இல் நடைமுறைக்கு வந்த 114 ஆம் இலக்கப் பாதுகாப்புத் தரம், சாவியை எடுத்தபின் ஸ்டீயரிங்கையோ வண்டியின் நகர்வையோ தடுக்கும் பூட்டு இருக்கவேண்டும் என விதித்தது. இது முழுவதும் பொறிமுறைப் பூட்டாதலால் மின்கலத்துடன் தொடர்பற்றதாயிருந்தது.

1986 ஆம் ஆண்டு மாதிரியான செவ்ரோலே கோர்வெட் காரில் ஜெனரல் மோட்டார்சு நிறுவனம் சாவியில் ஒரு சிறிய மின்தடையைப் பதித்தது. மொத்தம் பதினைந்து மின்தடை அளவுகளுள் ஒன்று ஒவ்வொரு சாவியிலும் இருக்கும். அளவு பொருந்தாவிட்டால் எஞ்சின் சில நிமிடங்களுக்கு முடக்கப்படும். 1990களின் நடுப்பகுதியில் இதே நிறுவனம் பாசுலாக் என்னும் அமைப்பைச் சில கார்களில் புகுத்தியது. இதில் சாவி சாதாரணமானது. அடையாளம் காணும் உணரி சாவித்துளை உருளையில் வைக்கப்பட்டது. அதே காலத்தில் ஐரோப்பிய நிறுவனங்கள் பலவும் சாவிக்குள் மின்னணுச் சில்லைப் பதிக்கத் தொடங்கின.

ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்கள் அனைத்திலும் மின்னணு இயக்கத் தடுப்பியைக் கட்டாயமாக்கியது. ஆத்திரேலியாவில் 2001 இலும் கனடாவில் 2007 இலும் இத்தகைய விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஐக்கிய அமெரிக்காவில் நடுவண் சட்டம் இதனைக் கட்டாயமாக்கவில்லை.

வகைகள்

வானொலிக் குறியீட்டுப் பூட்டு

1980களிலும் 1990களிலும் கார் வானொலிப் பெட்டிகள் திருடர்களால் பெரிதும் விரும்பப்பட்டன. திருடிய பெட்டி வேறு காரில் பயன்படாதவாறு செய்வதற்காக இப்பூட்டு உருவாக்கப்பட்டது. வானொலிக்கு வரும் நிலையான மின்சாரம் ஒருமுறை அறுபட்டால், சரியான எண்ணை உள்ளிடும் வரை அது பாடாது. எண் அழியா நினைவகத்தில் பதிந்திருப்பதால் மின்சாரம் இன்றியும் அது அழிவதில்லை.

தவறான முயற்சிகளுக்கு வானொலி காட்டும் எதிர்வினை நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். வோல்க்சுவாகன் கார்களின் பழைய வானொலிகள் பலவற்றில் இரண்டு முறை தவறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்சின் தெஃப்ட்லாக் வானொலிகளில் எட்டு முறை தவறினால் ஒரு மணி நேரக் காத்திருப்பு உண்டு. ஹோண்டா வானொலிகளில் பத்து முறை தவறினால் பெட்டி மேற்கொண்டு எண்ணை ஏற்பதில்லை.

நான்கு இலக்க எண்ணுக்கு 10,000 சேர்க்கைகள் உள்ளன. ஒரு மணிக்கு இரண்டு முயற்சிகள் என்றால், அனைத்தையும் முயன்று பார்க்க 5,000 மணி நேரம், அதாவது 208 நாட்கள் ஆகும். ஹோண்டாவின் ஐந்து இலக்க எண் 1 முதல் 6 வரையான பொத்தான்களால் மட்டும் உள்ளிடப்படுவதால் 7,776 சேர்க்கைகள் உள்ளன. ஊகத்தினால் எண்ணைக் கண்டடைய முயல்வது பயனற்றது என்பதை இக்கணக்குகள் காட்டுகின்றன.

எச்சரிக்கை ஒலி அமைப்பு

பூட்டிய கார் அனுமதியின்றித் திறக்கப்பட்டால் ஒலிப்பானை ஒலிக்கச் செய்யும் அமைப்பு இது. மின்சாரம் அறுபடும்போது தான் இருந்த நிலையை இது நினைவில் வைத்திருக்கும். அமைப்பு காவல் நிலையில் இருந்தபோது மின்கலம் செயலிழந்திருந்தால், புதிய மின்கலத்தை இணைத்தவுடன் அது காவல் நிலையிலேயே விழித்தெழும். அப்போது எஞ்சின் மூடி திறந்திருப்பதை அது அத்துமீறலாகக் கொள்ளும். சில கார்களில் ஒலிப்பானுக்கெனத் தனியான சிறு மின்கலம் உள்ளது. அவ்வகையில் முதன்மை மின்கலத்தைக் கழற்றினாலும் ஒலி நிற்பதில்லை.

இயக்கத் தடுப்பி

இம்மொபிலைசர் என வழங்கும் இயக்கத் தடுப்பியே இவற்றுள் வலிமை மிக்கது. சாவியின் தலைப்பகுதியில் ஒரு சிறிய சில்லு உள்ளது. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், பொதுவாக 125 கிலோஹெர்ட்சு அளவிலான அலையினால் அச்சில்லுக்கு ஆற்றலை ஊட்டி அதன் அடையாளத்தைக் கேட்கும். விடை பொருந்தினால் மட்டுமே எரிபொருளும் தீப்பொறியும் எஞ்சினுக்குக் கிடைக்கும்.

இதில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, இச்சில்லுக்குத் தனி மின்கலம் தேவையில்லை. சாவியிலுள்ள பொத்தான் மின்கலம் தொலைவிலிருந்து கதவைத் திறப்பதற்கே பயன்படுகின்றது. இரண்டாவது, பதிவு செய்யப்பட்ட சாவிகளின் அடையாளம் அழியா நினைவகத்தில் சேமிக்கப்படுவதால், கார் மின்கலத்தை மாற்றுவதனால் மட்டும் சாவி மறக்கப்படுவதில்லை. மின்கல மாற்றத்திற்குப் பின் சாவியைப் புதிதாகப் பதியவேண்டும் என்ற கருத்து பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தாது.

முடக்கத்தை இனங்காணல்

மின்கலம் மாற்றியபின் கார் கிளம்பாமைக்குத் திருட்டுத்தடுப்பு அமைப்பு மட்டுமே காரணம் அன்று. கீழ்க்காணும் அறிகுறிகள் வேறுபாட்டை உணர உதவும்.

* சாவியைத் திருப்பினால் ஒலியே இல்லை, அல்லது படபடவென்ற சிறு ஒலி மட்டும் கேட்கின்றது: மின்முனை இறுக்கம் போதாமை, முனையில் படிந்த உப்பு, அல்லது மின்னேற்றம் குறைந்த மின்கலம் பெரும்பாலும் காரணமாகும். ஆயினும் சில கார்களில் இயக்கத் தடுப்பி ஸ்டார்ட்டர் மோட்டாரையே தடுக்கும்.
* எஞ்சின் நன்கு சுழல்கின்றது, பற்றவில்லை. முகப்புப் பலகையில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு விரைந்து மினுக்குகின்றது: இயக்கத் தடுப்பி சாவியை ஏற்கவில்லை.
* எஞ்சின் பற்றி ஓரிரு நொடிகளில் அணைகின்றது. பாதுகாப்பு விளக்கு எரிகின்றது: எரிபொருள் நிறுத்தப்பட்டுள்ளது.
* சாவி திரும்பவேயில்லை: இது பொறிமுறை ஸ்டீயரிங் பூட்டு. ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்ல அசைத்தவாறே சாவியைத் திருப்பினால் விடுபடும்.
* எல்லாம் இயங்குகின்றன, வானொலி மட்டும் பாடவில்லை: குறியீட்டுப் பூட்டு.

விடுவிக்கும் முறைகள்

எல்லா முறைகளுக்கும் முன்னதாக மின்கலத்தின் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தல் நன்று. புதிதாக வாங்கிய மின்கலமும் கடையில் நெடுநாள் இருந்ததாயின் மின்னேற்றம் குறைந்திருக்கலாம். குறைந்த மின்னழுத்தத்தில் சாவியின் விடையைக் கணினி சரியாகப் படிக்காமல் போகலாம். கார் உற்பத்தியாளரின் கையேடு கூறும் முறையே இறுதியானது.

எச்சரிக்கை ஒலி

காரின் ரிமோட்டில் உள்ள திறக்கும் பொத்தானை அழுத்துவது முதல் வழி. அது பயனளிக்காவிடில், ஓட்டுநர் கதவைச் சாவியால் ஒருமுறை பூட்டித் திறக்கவேண்டும். பல கார்களில், பதிவு செய்யப்பட்ட சாவியை இட்டு இயக்க நிலைக்குத் திருப்பியவுடன் ஒலி நின்றுவிடும். ஒலியை நிறுத்தும் பொருட்டு மின்கலத்தை மீண்டும் மீண்டும் கழற்றி மாட்டுவது, அமைப்பின் பார்வையில் மேலும் மேலும் திருட்டு முயற்சியாகவே தோன்றும்.

சாவியை ஏற்காத இயக்கத் தடுப்பி

சாவிக்கொத்தில் வேறு காரின் சில்லுச் சாவி இருந்தால் அதனைப் பிரித்துவிட்டு முயலவேண்டும். இரண்டு சில்லுகள் அருகருகே இருந்தால் ஒன்றன் விடையை மற்றொன்று குலைக்கும். பின்னர் மாற்றுச் சாவியால் முயன்று பார்க்கலாம். மாற்றுச் சாவி ஏற்கப்பட்டால் குறை முதற் சாவியின் சில்லில் உள்ளது என அறியலாம். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில் சாவியின் பொத்தான் மின்கலம் தீர்ந்திருந்தால், பலவற்றில் சாவியைக் கிளப்பும் பொத்தானின் மீதோ அதற்கென உள்ள குழியிலோ வைத்துக் கிளப்ப இயலும்.

பாசுலாக் அமைப்பின் மறுகற்றல்

ஜெனரல் மோட்டார்சின் பாசுலாக் உள்ள கார்களில், உருளை உணரியிலிருந்து வரும் மதிப்பைக் கணினி மீண்டும் கற்றுக்கொள்ளும் முறை உண்டு. சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்ப முயன்றபின், சாவியை இயக்க நிலையிலேயே விட்டுவிட வேண்டும். ஏறத்தாழ 10 நிமிடங்களில் பாதுகாப்பு விளக்கு அணையும். பின்னர் சாவியை நிறுத்த நிலைக்குக் கொணர்ந்து மீண்டும் கிளப்பலாம். சில மாதிரிகளில் இச்சுற்றை மூன்று முறை, அதாவது 30 நிமிடங்கள், செய்யவேண்டியிருக்கும். இடையில் சாவியை அணைத்தால் அச்சுற்றை முதலிலிருந்து தொடங்கவேண்டும். இவ்வளவு நேரமும் காரின் மின்சுற்றுகள் இயங்குவதால், மின்னேற்றம் நிறைந்த மின்கலம் இருத்தல் இன்றியமையாதது. வலுவற்ற மின்கலத்துடன் இதனைத் தொடங்குவோர் பாதியிலேயே மின்கலத்தை மீண்டும் இழக்க நேரிடும்.

இங்குக் காத்திருப்பே பாதுகாப்பாகச் செயற்படுகின்றது. தெருவோரத்தில் அரை மணி நேரம் அமர்ந்திருக்கத் திருடன் துணியமாட்டான். உரிமையாளருக்கு அதில் இடர் இல்லை என்பது இதன் அடிப்படை.

வானொலி

குறியீட்டு எண் பொதுவாகக் கையேட்டுடன் தரப்படும் அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். அட்டை இல்லையெனில் வானொலியின் தொடர் எண் தேவைப்படும். சில கார்களில் இது கையுறைப் பெட்டிக்குள் ஒட்டப்பட்டிருக்கும். ஹோண்டா, ஃபோர்டு ஆகியவற்றின் வானொலிகள் சிலவற்றில் 1, 6 ஆகிய பொத்தான்களைச் சேர்த்து அழுத்துவதன் மூலம் தொடர் எண்ணைத் திரையில் காணலாம். மற்றவற்றில் பெட்டியை வெளியே எடுத்து அதன் மேலுள்ள ஒட்டுத்தாளைப் பார்க்கவேண்டும். தொடர் எண்ணையும் உரிமைச் சான்றையும் காட்டி விற்பனையாளரிடம் குறியீட்டைப் பெறலாம்.

வானொலி நேரப்பூட்டில் இருந்தால், அதனை இயங்கும் நிலையில் விட்டுக் காத்திருக்கவேண்டும். அணைத்துவிட்டால் பலவற்றில் காத்திருப்பு நேரம் கணக்கிடப்படுவதில்லை. பிற்காலத்தில் வந்த கார்கள் பலவற்றில் வானொலியே காரின் கணினியுடன் பேசித் தான் பழைய காரிலேயே இருப்பதை உறுதி செய்துகொள்ளும். ஹோண்டாவின் சில மாதிரிகளில் மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தாலே இது நிகழும்.

மின்கலத்தை மாற்றும்போது

முடக்கத்தைத் தவிர்ப்பதற்குப் பின்வரும் ஒழுங்கு உதவும்.

1. வானொலிக் குறியீட்டு அட்டை கையில் உள்ளதா எனப் பார்த்தல். இல்லையெனில், மின்கலம் முழுதும் செயலிழக்குமுன் எண்ணைப் பெற்றுக்கொள்ளல்.
2. காரைத் திறந்து, எச்சரிக்கை அமைப்பைக் காவல் நிலையிலிருந்து விடுவித்தல். சாவியை அணைத்துக் கையில் எடுத்துக்கொள்ளல். மின்சாரம் மீளும்போது சில கார்களில் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். சாவி உள்ளே இருந்தால் உரிமையாளர் வெளியே நிற்க நேரிடும்.
3. கணினிகள் உறக்கநிலையை அடையச் சில நிமிடங்கள் காத்திருத்தல்.
4. முதலில் எதிர்முனையையும் பின்னர் நேர்முனையையும் கழற்றல். நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் காரின் உலோக உடலைத் தொட்டால் குறுஞ்சுற்று ஏற்படும்.
5. புதிய மின்கலத்தில் முதலில் நேர்முனையையும் இறுதியில் எதிர்முனையையும் இணைத்து நன்கு இறுக்குதல்.
6. கடிகாரம், கண்ணாடிச் சன்னல்களின் தானியங்கி இயக்கம் முதலியவற்றைக் கையேட்டின்படி மீளமைத்தல்.

மின்கலத்தை மாற்றும் வேளையில் வேறொரு சிறு மின்மூலத்தினால் நினைவகத்திற்கு மின்சாரம் அளிக்கும் கருவிகளும் உள்ளன. இவற்றைப் பயன்படுத்தும்போது கழற்றப்பட்ட நேர்முனைக் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். ஆகையால் அதனைத் துணியாலோ இறப்பராலோ மூடிவைத்தல் வேண்டும்.

ஈய-அமில மின்கலத்தில் கந்தக அமிலம் உள்ளது. மின்னேற்றத்தின்போது எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வளிமம் வெளிப்படும். எனவே தீப்பொறியைத் தவிர்த்தலும், கண்களைக் காத்தலும், மோதிரம், உலோகக் கடிகாரப் பட்டை ஆகியவற்றைக் கழற்றிவைத்தலும் தேவையாகும்.

பழைய கார்களும் உரிமைச் சான்றும்

கைமாறிய கார்களிலேயே இம்முடக்கம் மிகுந்த இன்னலைத் தருகின்றது. முதல் உரிமையாளரிடம் இருந்த குறியீட்டு அட்டை, மாற்றுச் சாவி, கையேடு ஆகியவை அடுத்தவருக்கு வந்து சேர்வதில்லை. மின்கலம் நலமாயுள்ள வரை இக்குறை தெரிவதில்லை. மின்கலம் மாற்றும் நாளில் தெரியவருகின்றது. பழைய கார் வாங்குவோர், விலை பேசும்போதே இரண்டு சாவிகளும் குறியீட்டு அட்டையும் உள்ளனவா எனக் கேட்டறிதல் நலம். எல்லாச் சாவிகளும் தொலைந்துவிட்டால், பல கார்களில் உரிமைச் சான்றுடன் நிறுவனத்தின் கருவி கொண்டோ, தேர்ந்த சாவித் தொழிலாளர் மூலமோ புதிய சாவியைப் பதியவேண்டியிருக்கும். சிலவற்றில் கணினியையே மாற்ற நேரிடும்.

பயனும் வரம்புகளும்

இத்தகைய தடுப்புகள் இல்லாவிடில் என்ன நிகழும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021 வரையான மாதிரிகளில் ஹூண்டாய், கியா நிறுவனங்களின் கார்கள் பல அந்நாட்டில் இயக்கத் தடுப்பி இன்றி விற்கப்பட்டன. 2015 ஆம் ஆண்டு மாதிரிகளில் பிற நிறுவனங்களின் கார்களில் 96 விழுக்காட்டில் இயக்கத் தடுப்பி இயல்பாகவே இருக்க, இவ்விரு நிறுவனங்களின் கார்களில் 26 விழுக்காட்டில் மட்டுமே இருந்தது. அவற்றைத் திருடும் முறை சமூக ஊடகங்களில் பரவியதால் 2022 இல் திருட்டுகள் பெருகின. 2023 இல் இந்நிறுவனங்கள் மென்பொருள் திருத்தம் ஒன்றை வெளியிட்டன.

எனினும் இயக்கத் தடுப்பி முற்றும் வெல்லமுடியாதது அன்று. 2005 இல் ஜான்சு ஹாப்கின்சு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தினரும், டெக்சாசு இன்சுட்ருமென்ட்சு நிறுவனத்தின் 40 பிட்டு மறையீட்டுச் சில்லின் காப்பை உடைத்துக் காட்டினர். மெகாமோசு கிரிப்டோ என்னும் சில்லின் குறைகளை விளக்கும் ஆய்வுக்கட்டுரை, 2013 இல் இங்கிலாந்து நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டு 2015 இல் வெளிவந்தது. பொத்தானால் கிளப்பும் கார்களில், வீட்டினுள் உள்ள சாவியின் அலையை இருவர் கருவிகளின் உதவியால் காருக்கு நீட்டித்துத் திருடும் முறையும் அறியப்பட்டுள்ளது.

தடுப்பு வலுவாக வலுவாக, சாவியையும் எண்ணையும் இழந்த உரிமையாளரின் நிலையும் கடினமாகின்றது. குறியீட்டு எண்ணை ஒரு தாளில் எழுதிக் காருக்கு வெளியே, வீட்டில் பாதுகாத்து வைப்பதே இதற்கு எளிய தீர்வாகும். காருக்குள்ளேயே வைக்கப்படும் எண் திருடருக்கும் கிடைக்கும்; மின்கலம் தீர்ந்து கதவு திறவாத நாளில் உரிமையாளருக்குக் கிடைக்காமலும் போகலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* ஈய-அமில மின்கலம்
* இயக்கத் தடுப்பி
* ஸ்டீயரிங் பூட்டு
* மறையீட்டியல்
* தானுந்து